பீஸ்ட்: மாலுக்குள் நுழைந்ததும் காணாமல்போன காயம்

ஜோத்பூரில் தீவிரவாதத் தலைவன் உமர் ஃபரூக்கை இந்திய உளவு அமைப்பான ராவின் குழு ஒன்று வளைக்கிறது. ஆள் பிடிபடுகிறான். ஆனால் குழுவை நடத்திய வீரராகவனின் (விஜய்) தாக்குதலில் ஒரு சிறுமியும் இறந்துபோகிறாள். வேலையை உதறிவிட்டுச் சென்னைக்கு வந்து மனநல சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் அவர், ஒரு நாள் ஷாப்பிங் மால் ஒன்றில் இருக்கும்போது, ஆயுதக் கும்பல் அந்த மாலைக் கைப்பற்றுகிறது. கும்பலின் கோரிக்கை, அதே உமர் ஃபரூக்கை விடுவிக்க வேண்டும் என்பது.

பெரிய ஹீரோ படத்துக்கு இதைவிட நல்ல முடிச்சு தமிழில் அடிக்கடி அமைவதில்லை. அவனை விட்டால் அந்தக் குழந்தை செத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். விடாமல் முரண்டு பிடித்தால் மாலுக்குள் மாட்டியிருக்கும் குழந்தைகளின் உயிர் போகும். இரண்டு பக்கமும் ஒரே மனிதரின் நெஞ்சில் கத்தி. நெல்சன் திலீப்குமார் எழுதி இயக்கி, சன் பிக்சர்ஸ் தயாரித்து, 2022 ஏப்ரல் 13 அன்று வெளியான 'பீஸ்ட்' இந்த முடிச்சைப் போட்ட கையோடு மறந்துவிடுகிறது. படத்தின் மற்ற குறைகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. (முழுக் கதையும் இங்கே பேசப்படுகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

முதலில் அந்தக் காயத்தைப் பற்றி. பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன அழுத்த நோய்) என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980இல். முதல் உலகப் போர்க் காலத்தில் இதையே 'ஷெல் ஷாக்' என்றார்கள். அறிகுறிகளை மருத்துவர்கள் நான்கு கட்டாகப் பிரிக்கிறார்கள்: நடந்தது கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வருவது; அதை நினைவூட்டும் இடங்களையும் ஆட்களையும் தவிர்ப்பது; குற்ற உணர்வும் உணர்ச்சி மரத்துப்போதலும்; எந்நேரமும் உடம்பு விறைத்து, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது. ஒரு மாதத்துக்கு மேல் இவை நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய் என்று முடிவு செய்வார்கள். கவனிக்க வேண்டியது, வீரராகவனுடைய காயம் இதிலும் தனி ரகம். தன் உயிருக்கு வந்த ஆபத்தால் வந்ததல்ல அது, தன் கையால் நடந்த தப்பால் வந்தது. வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே 1990களில் பேசத் தொடங்கிய 'தார்மிகக் காயம்' இதற்கு நெருங்கி வரும். மேலிருப்பவர்கள் தன்னைத் தவறான காரியத்தில் இறக்கிவிட்டார்கள் என்ற துரோக உணர்வும் அதில் சேர்ந்தே இருக்கும். அதிகாரத்தின் மேல் வீரராகவனுக்கு இருக்கும் கசப்புக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது.

இந்தக் காயத்துக்கு வைத்தியம் உண்டு. நினைவை நேருக்கு நேர் எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சையில் வாரம் ஒன்றாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். குற்ற உணர்வின் தர்க்கத்தைப் பிரித்துப் பார்க்கும் இன்னொரு முறை பொதுவாக 12 அமர்வுகள். கூடவே செர்ட்ரலைன், பராக்ஸெடின் போன்ற மாத்திரைகள். பாதியில் நின்றுபோகிறவர்கள் நிறைய, ஏனென்றால் முதல் சில அமர்வுகளில் கெட்ட கனவு கூடும், தூக்கம் இன்னும் கெடும். படத்தில் இந்தச் சிகிச்சை, நகைச்சுவைக்கு ஒரு அறை கிடைத்தது என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதில் தப்பில்லை. மனநல மருத்துவரை வைத்து சிரிக்கவைக்கலாம். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் நோயாளி நோயாளியாக இருக்க வேண்டுமல்லவா?

மாலுக்குள் முதல் துப்பாக்கி வெடித்த நிமிடத்திலிருந்து வீரராகவனிடம் அந்தக் காயத்தின் சுவடே தெரிவதில்லை. கை நடுங்குவதில்லை, கண் தடுமாறுவதில்லை, ஒரு முடிவுக்காக ஒரு நொடிகூடத் தயங்குவதில்லை. காயத்தை விடுங்கள், ஆரோக்கியமான பயிற்சி பெற்ற வீரனுக்கே துப்பாக்கிச் சண்டையில் பார்வை குறுகி நடுவில் இருப்பது மட்டும்தான் தெரியும், பக்கத்தில் வெடிப்பதுகூடக் காதில் சரியாக விழாது, விரல் நுனிகளின் நுட்பம் போய்விடும். துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியான மேகசினை மாற்றுவது போன்ற சின்ன வேலையை ஆயிரக்கணக்கான முறை பழக்குவது இதனால்தான். ஒரு நடிகருக்கு இதெல்லாம் எவ்வளவு பெரிய சொத்து! பூட்டைத் திறக்கும்போது விரல் நடுங்கினால் போதும், அரங்கில் ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

திரைக்கதைக்கு இதைவிட மலிவான வழி ஒன்று இருந்தது. ஜோத்பூரில் நடந்ததற்குப் பிறகு அவர் வெடிபொருளைத் தொடமாட்டார் என்று ஒரே ஒரு விதியை வைத்திருக்கலாம். இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் சுடமாட்டார் என்று. அந்த விதியோடு அவரை ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குள் தள்ளி, தடுப்புக்குப் பின்னால் தீவிரவாதியா குழந்தையா என்று தெரியாத நிலையை உண்டாக்கினால், சண்டைக் காட்சி தானாகவே கதைக் காட்சியாக மாறும். ஹீரோவின் கையைக் கட்டிப்போடுவதில்தான் த்ரில்லரின் பாதி உயிர் இருக்கிறது. இங்கே கட்டவேண்டிய கயிறு முதல் காட்சியிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது, யாரும் எடுத்துக் கட்டவில்லை.

அடுத்து பேச்சுவார்த்தை. படத்தின் ஆகச் சிறந்த பாத்திரம் இங்கேதான் இருக்கிறது. அரசுத் தரப்பில் பேச வரும் அல்தாஃப் உசேனாக இயக்குநர் செல்வராகவன். நடிகராகத் திரைக்கு வந்த அவருடைய முதல் படம் இது. குரலை ஏற்றாமல், முகத்தில் ஒரு தசையைக்கூட வீணாக்காமல், அமைச்சரையும் அதிகாரிகளையும் அலட்சியமாகக் குத்திக்கொண்டே இருக்கிறார். மாலுக்குள் வீரராகவன் இருக்கிறார் என்று தெரிந்ததும் அவரையே துருப்புச்சீட்டாக்கிக் காரியம் பார்க்கிறார். நெல்சனுக்கு வாய்த்த வறண்ட நகைச்சுவை முழுசாகப் பொருந்திய இடம் இந்தப் பாத்திரம்.

ஆனால் அல்தாஃப் என்ன வேலை செய்கிறார் என்று பார்த்தால் ஏமாற்றம்தான். பணயக்கைதிப் பேச்சுவார்த்தை ஒரு தனித் தொழிலாக உருவானது 1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பிறகு. நியூயார்க் காவல் துறை 1973இல் இதற்கென்று தனிக்குழு அமைத்தது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஹார்வி ஸ்க்லாஸ்பர்க் காவலர், உளவியலிலும் முனைவர். அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. பேசுபவர் ஒருவர். அவர் காதருகே உட்கார்ந்து குறிப்பு எழுதிக் கொடுக்க இன்னொருவர். கும்பலைப் பற்றி வரும் தகவலைச் சேர்த்துச் சுவரில் ஒட்ட மூன்றாமவர். இதில் யாருக்கும் முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படி வைக்கிறார்கள். "என் கையில் இல்லை, மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தில் அரை மணி நேரம் சம்பாதிக்கலாம். அதிகாரமுள்ளவர் நேரடியாகப் பேசினால் அந்த வாக்கியம் செத்துப்போகும். நிஜத்தில் கெடு தாண்டிப்போவதும் இப்படித்தான். ஐந்து மணிக்கு ஒருவரைச் சுடுவேன் என்று சொன்னவனை நான்கு ஐம்பதிலிருந்து வேறு எதையாவது பற்றிப் பேசவைத்துக்கொண்டே இருந்து ஐந்து மணியைக் கடத்திவிடுவார்கள்.

நடுவில் நடக்கும் சின்னச் சின்னப் பேரங்கள்தான் முற்றுகையின் நிஜ நாடகம். சாப்பாடு வேண்டுமா, சரி, நான்கு குழந்தைகளை அனுப்பு. இன்சுலின் வேண்டும் என்றால், அந்த நோயாளியை ஒரு நிமிடம் என்னிடம் பேசவிடு. உள்ளே போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வெளியே ஒரு ஆளோ ஒரு தகவலோ வர வேண்டும். வெளியே வந்தவரிடம்தான் எத்தனை துப்பாக்கி, யார் தலைவன், யார் பயந்துபோயிருக்கிறான் என்பதெல்லாம் தெரியவரும். படத்தில் அல்தாஃப்புக்கும் கும்பல் தலைவனுக்கும் நடுவே இப்படி ஒரு பேரம்கூட மனதில் நிற்பதில்லை. அவர் வசனத்தில் ஜெயிக்கிறார், பேச்சுவார்த்தை நடப்பதே இல்லை. நோட்டில் நான்கு காட்சிகளை எழுதிச் சேர்த்திருந்தால், செல்வராகவன் படத்தையே தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. நேரம் பெரும்பாலும் பேசுபவர் பக்கம் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். பசி, தூக்கம், சலிப்பு எல்லாம் கும்பலையும் விடாது. 1980இல் லண்டன் ஈரான் தூதரக முற்றுகையில் ஆறு ஆயுததாரிகள் 26 பேரைப் பிடித்தார்கள். ஏப்ரல் 30 தொடங்கி மே 5 வரை பேச்சுதான். ஒரு பணயக்கைதியின் உடலை வெளியே போட்ட பிறகே பிரிட்டன் ராணுவத்தின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். உள்ளே போனது. 17 நிமிடத்தில் முடிந்தது. அந்த 17 நிமிடத்திலும் கயிற்றில் இறங்கிய ஒரு வீரர் சிக்கிக்கொண்டார், கீழே பிடித்த தீ அவர் காலைச் சுட்டது, இன்னொருவரின் பூட்ஸ் பட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்து எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்துபோனது. ஆறு நாள் தயாராகி, கட்டடத்தின் மாதிரியை வைத்துப் பழகிய உலகத்தரப் படைக்கே இப்படி. 'பீஸ்ட்'டில் ஒருமுறைகூட எதுவும் தப்பாகப் போவதில்லை. கயிறு சிக்குவதில்லை. கதவு திறக்காமல் மக்கர் செய்வதில்லை. போட்ட கணக்கு பிசகுவதில்லை. பிசகாத கணக்கில் பார்ப்பவனுக்கு என்ன வேலை?

மாலுக்கு வருவோம். சென்னையில் பெரிய செலவில் போட்ட மால் செட், டி.ஆர்.கே. கிரணின் கலை இயக்கம், மனோஜ் பரமஹம்சாவின் ஒளிப்பதிவு. கண்ணுக்குக் குறையே இல்லை. நடு முற்றமும் கண்ணாடித் தடுப்புகளும் எஸ்கலேட்டர்களும் நிஜ மால் போலவே இருக்கின்றன. குறை எங்கே என்றால், படம் முடிந்து வெளியே வரும்போது அந்த மாலின் வரைபடத்தை ஒருவராலும் வரைய முடியாது. பணயக்கைதிகள் எந்தத் தளம், கும்பல் தலைவன் எந்த மூலை, வீரராகவன் பதுங்கும் இடத்துக்கும் அவர்களுக்கும் எத்தனை படி? தெரியாது. மால் என்றால் கடைக்காரர்களுக்கென்று பின்பக்கம் ஒரு தனி உலகம் இருக்கும்: சரக்கு லாரி வந்து நிற்கும் தளம், சரக்கு லிஃப்ட், கடைகளின் முதுகுப்பக்கமாக ஓடும் சேவை நடைபாதை, தீ தப்பிப் படிக்கட்டு, ஏ.சி. குழாய், ஜெனரேட்டர் அறை, சி.சி.டி.வி. அறை. இதில் எது யார் கையில் என்பதுதான் மால் முற்றுகையின் சதுரங்கம். ஹீரோ வேலைக்குச் சேர்வதோ ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில்! வி.டி.வி. கணேஷ் நடத்தும் அந்த டப்பா ஏஜென்சிக்கும் மாலுக்கும் தொழில் சம்பந்தம் இருக்கிறது. சாவிக் கொத்தும் கேமரா கோணமும் ரவுண்ட்ஸ் நேரமும் கதைக்குள் வர இதைவிட இயல்பான வாசல் ஏது? அந்த வாசல் வழியாக ஜோக்குகள் மட்டும் வந்தன.

நிஜத்தில் மால் முற்றுகை எப்படி இருக்கும் என்பதற்கு நைரோபியின் வெஸ்ட்கேட் இருக்கிறது. 2013 செப்டம்பர் 21, சனிக்கிழமை. சோமாலியாவின் தீவிரவாத அமைப்பான அல்ஷபாபின் ஆட்கள் நுழைந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் என்று முதலில் செய்தி பரவியது. கடைசியில் கணக்கெடுத்தால் நான்கே பேர். 67 உயிர்கள் போயின, முற்றுகை நான்கு நாள் இழுத்தது. முதல் சில மணி நேரத்தில் உள்ளே போய் நூற்றுக்கணக்கானவர்களை வெளியே கொண்டுவந்தவர்கள் சீருடை இல்லாத போலீசாரும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த பொதுமக்களும்தான். அதாவது தனியொருவன் துப்பாக்கியோடு மாலுக்குள் சுற்றுவது சினிமாக் கற்பனை இல்லை. நடந்திருக்கிறது. ஆனால் அதன் விலையும் அங்கேயே தெரிந்தது. பிறகு வந்த ராணுவம் போலீஸ் படையை எதிரி என்று நினைத்துச் சுட்டு, ஒரு போலீஸ் அதிகாரி இறந்தார். போலீஸ் பின்வாங்கியது, நடுவில் விழுந்த இடைவெளியில் கும்பலுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. வீரராகவனுக்கு மாலுக்குள் இருக்கும் மிகப் பெரிய ஆபத்து இதுதான்: வெளியே காத்திருக்கும் கமாண்டோவுக்கு, ஜன்னலோரம் துப்பாக்கியோடு நகரும் எந்த உருவமும் இலக்குதான். அல்தாஃப் வெளியே இருக்கும் எல்லாரோடும் சண்டை போட்டு அந்த ஒரு உருவத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால், செல்வராகவனுக்கும் விஜய்க்கும் நடுவே எவ்வளவு உயிரோட்டமான இழை கிடைத்திருக்கும்.

சண்டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அன்பறிவ் அமைத்த விதம் சுறுசுறுப்பு, விஜய்யின் உடல் வேகம் வழக்கம்போல் கண்ணைப் பறிக்கிறது. தோட்டாக் கணக்கு பார்ப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளலாம். ஏ.கே. ரகத் துப்பாக்கியின் மேகசினில் 30 தோட்டா, நிமிடத்துக்குச் சுமார் 600 வீதம் வெடிக்கும். விசையை அழுத்திப் பிடித்தால் மூன்று நொடியில் காலி. கதவடைத்த கட்டடத்துக்குள் நாலு முறை சுட்டாலே காது ஙொய் என்று அடைத்து, பக்கத்தில் இருப்பவர் கத்துவதுகூடக் கேட்காது. சைலன்சர் போட்டாலும் குறைவது சுமார் 20, 30 டெசிபல்தான், பக்கத்து அறைக்குத் தெரியாமல் கொல்ல முடியாது. இவற்றை மதித்தால் படம் பாடப்புத்தகம் ஆகிவிடும் என்ற வாதம் சரியே. ஒன்றை மட்டுமாவது மதித்திருக்கலாம்: இன்னும் எத்தனை பேர் பாக்கி என்ற எண்ணிக்கை. ஒவ்வொருவராக விழும்போது மிச்சம் எத்தனை என்று பார்ப்பவன் விரல் விட்டு எண்ண முடிந்தால்தான் பதற்றம் ஏறும். இங்கே கும்பல் வற்றாத ஊற்று மாதிரி வந்துகொண்டே இருக்கிறது.

ரா பற்றியும் ஒரு வார்த்தை. 1968இல் ஆர்.என். காவ் தலைமையில் தொடங்கிய அந்த அமைப்பு வெளிநாட்டு உளவுக்கானது. நாட்டுக்குள் கதவை உடைத்து ஆள் பிடிப்பது அதன் வேலை இல்லை. அதற்கு ராணுவமும், மத்திய அரசின் கமாண்டோ படையான என்.எஸ்.ஜி.யும், மாநில சிறப்புப் படைகளும் இருக்கின்றன. வீரராகவனை என்.எஸ்.ஜி. ஆளாகவோ ராணுவப் பாரா கமாண்டோவாகவோ காட்டியிருந்தால் முதல் காட்சியும் மால் காட்சியும் ஒரே கோட்டில் வந்திருக்கும். அவருக்குத் தெரிந்த வேலையே அதுதான் என்று ஆகியிருக்கும். இந்தியில் படத்துக்கு 'ரா' என்றே பெயர் வைத்ததைப் பார்த்தால், அந்த மூன்றெழுத்தின் கவர்ச்சியை விட மனம் வரவில்லை என்று தெரிகிறது.

என்.எஸ்.ஜி.யின் பெயரை எடுத்ததும் நினைவுக்கு வருவது 2008 நவம்பர் 26. மும்பையில் பத்து ஆயுததாரிகள், சுமார் 60 மணி நேரம், 166 உயிர்கள். தாக்குதல் ராத்திரி ஒன்பதரை வாக்கில் தொடங்கியது. டெல்லிக்கு அருகே இருக்கும் மானேசரிலிருந்து கமாண்டோக்கள் கிளம்பி மும்பையில் இறங்கவே மறுநாள் விடியற்காலை ஆகிவிட்டது. அந்தப் பாடத்தில்தான் 2009இல் சென்னை உட்பட நான்கு நகரங்களில் மண்டல மையங்கள் வந்தன. ஆகவே சென்னை மாலில் முற்றுகை என்றால், டெல்லியிலிருந்து விமானத்துக்குக் காத்திருக்கும் கட்டாயமே இல்லை. படை இங்கேயே இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் உள்ளே போகாமல் நிற்கிறார்கள் என்பதற்குத் திரைக்கதை பதில் சொல்லியாக வேண்டும். படத்தின் பதில், அரசியல்வாதிகள் மோசம் என்பதோடு நின்றுவிடுகிறது. மும்பையின் இன்னொரு பாடம் தொலைக்காட்சி. நேரலையைப் பார்த்தே எல்லைக்கு அப்பாலிருந்து கும்பலுக்கு வழிகாட்டினார்கள். தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை நடக்கும்போது நேரலை கூடாது என்று 2015இல் கேபிள் டி.வி. விதியே திருத்தப்பட்டது. மால் வாசலில் கேமராவோடு கூட்டம் நிற்பதை இனி படம் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எழுதலாம்.

அரசியல் பக்கம் ஒன்று மட்டும் நிஜத்துக்கு மிக அருகில் வருகிறது. உள்துறை அமைச்சரின் குடும்பமே மாலுக்குள் மாட்டியிருக்கிறது. 1989 டிசம்பர் 8இல் ஸ்ரீநகரில் நடந்தது இதுதான். அன்றைய மத்திய உள்துறை அமைச்சர் முஃப்தி முகமது சயீதின் மகள் கடத்தப்பட்டார். ஐந்து நாளில், டிசம்பர் 13 அன்று, சிறையிலிருந்த ஐந்து பேரை விட்டுத்தான் அவரை மீட்டார்கள். பத்து வருடம் கழித்து 1999 டிசம்பரில் காந்தஹாரில், கடத்தப்பட்ட ஐ.சி. 814 விமானத்துக்காக மூன்று பேரை விட்டார்கள், அதில் ஒருவர் பிறகு ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பைத் தொடங்கிய மசூத் அசார். ஒருமுறை விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி இந்திய அரசியலின் தொண்டையில் மாட்டிய முள். அந்த முள்ளைத் தொடும் கதை இது. ஆனால் படத்தின் அமைச்சர், கும்பலோடு கள்ளத் தொடர்பு வைத்திருக்கும் சாதாரண வில்லன் ஆகிவிடுகிறார். நல்லவராக, உண்மையிலேயே மகளுக்கும் நாட்டுக்கும் நடுவே தவிக்கும் ஒருவராக இருந்திருந்தால், வீரராகவனின் தவிப்புக்கு எதிரே ஒரு கண்ணாடி வைத்த மாதிரி இருந்திருக்கும். கும்பலின் மத அடையாளத்தைத் தாண்டி ஒருவனுக்கும் முகமோ காரணமோ இல்லாததும் இதே சோம்பேறித்தனத்தின் இன்னொரு பக்கம். குவைத்தில் படத்துக்குத் தடை விழுந்தது. அல்தாஃப் உசேன் என்று பேச்சுவார்த்தைக்காரருக்குப் பெயர் வைத்தால் சமன் ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். ஆகவில்லை.

கடைசிப் பகுதியில் வீரராகவன் எல்லை தாண்டிப் போய், விடுவிக்கப்பட்ட உமர் ஃபரூக்கைத் தூக்கிக்கொண்டு போர் விமானத்தில் பறந்து வருகிறார். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் கிடையாது. மேலே காற்று அடர்த்தி குறைந்தால் மாஸ்க் இல்லாதவருக்கு முதலில் மூளை மந்தமாகும், தனக்கு மந்தமாவதே தெரியாமல் மயக்கம் வரும். அதைவிடச் சின்ன விஷயம், விமானி பேசுவதற்கான மைக்கே அந்த மாஸ்க்குக்குள்தான் இருக்கிறது. காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் ஜி-சூட் என்ற உடை இல்லாமல் அந்தத் திருப்பங்களில் ரத்தம் காலுக்கு இறங்கி, கண் இருட்டிவிடும். ஒரு ரக விமானத்திலிருந்து இன்னொரு ரகத்துக்கு மாற, பயிற்சி பெற்ற விமானிக்கே மாதக்கணக்கில் ஆகும். உளவாளிக்கு எப்படி வந்தது இந்த வித்தை? வெளியான நாட்களில் இந்தக் காட்சியை வைத்து இணையம் சிரித்துத் தீர்த்தது, நாமும் தனியாகச் சிரிக்க வேண்டாம். வருத்தம் வேறு இடத்தில். ஒரு சிறுமியின் சாவில் தொடங்கிய கதை, அந்தச் சிறுமியை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் வானத்தில் சல்யூட் அடித்து முடிகிறது.

அப்படியானால் பார்க்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நெல்சனின் கூட்டம் உட்கார்ந்து பேசும் காட்சிகள் இருக்கின்றன. வி.டி.வி. கணேஷ் வாயைத் திறந்தாலே பாதிச் சண்டையை மறந்துவிடலாம். ரெடின் கிங்ஸ்லியும் யோகி பாபுவும் சில இடங்களில் சிரிக்கவைக்கிறார்கள், சில இடங்களில் அதே ஜோக்கையே இழுக்கிறார்கள். சாவு பக்கத்தில் நிற்கும்போது மனிதர்கள் அற்பமாகப் பேசுவதில் இருக்கும் வேடிக்கை இந்த இயக்குநருக்கு நன்றாகப் பிடிபடும். முந்தைய இரண்டு படங்களிலும் அதுதான் பலம். இங்கே அந்த வேடிக்கைக்கு எதிரே ஒரு நிஜ ஆபத்து இல்லாததால், தராசின் ஒரு தட்டு காற்றில் ஆடுகிறது. பூஜா ஹெக்டேவுக்குப் பாட்டும் சிரிப்பும் தவிர வேலை இல்லை. அனிருத்தின் பின்னணி இசை, படத்துக்கு இல்லாத பதற்றத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. நல்ல ஸ்பீக்கர் இருந்தால் அதற்காகவே சில காட்சிகளைத் திரும்பப் பார்க்கலாம். விஜய், வழக்கமான பஞ்ச் உரைகளைக் குறைத்து, அடக்கமாக, கிண்டலாக நிற்கும் விதம் புதுசு. இந்த அடக்கத்துக்குப் பின்னால் ஒரு உடைந்த மனிதன் இருக்கிறான் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் செய்திருப்பார் என்றே தோன்றுகிறது. முதல் கால் மணி நேரத்தில் அந்த முகத்தில் அதற்கான தடம் இருக்கிறது.

படம் 2022 மே 11 முதல் நெட்ஃபிளிக்ஸ், சன் நெக்ஸ்ட் இரண்டிலும் வந்தது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். திரையரங்கின் விசில் இல்லாமல் வீட்டில் பார்க்கும்போது மாலின் இரண்டாம் பாதி கனமாக இறங்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். பணயக்கைதி த்ரில்லர் என்று நம்பி உட்காருகிறவர்கள் தொடக்கக் காட்சியையும், அல்தாஃப் உசேன் வரும் இடங்களையும் மட்டும் பார்த்தால் நஷ்டம் குறைவு. விஜய்யின் ஆட்டத்துக்கும் நெல்சனின் நக்கலுக்கும் வருகிறவர்கள் மால் விடுபடும் இடம் வரை தைரியமாகப் பார்க்கலாம். விமானம் ஓடுதளத்தை நெருங்கும்போது ரிமோட் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.